எக்ஸ் யார் வீட்டுப் பிள்ளை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணக்கைப் பற்றித்தான். ஆண்டிறுதித் தேர்வு நெருங்குகிறது என்று நாள்காட்டியைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஆசிரியர் குழு எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: டீச்சர், நான் உயர்நிலை இரண்டில் படிக்கிறேன். தொடக்கநிலையில் எனக்குக் கணக்கு நன்றாக வரும், தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஏஎல்2 (இரண்டாவது உயர்ந்த தரம்). பெட்டி பெட்டியாக மாடல் படம் வரைந்தால் போதும், விடை கண்ணுக்கே தெரியும். உயர்நிலைக்கு வந்ததும் பெட்டியெல்லாம் போய் எக்ஸ், ஒய் வந்துவிட்டது. போன டபிள்யூஏ வகுப்புத் தேர்வில் 30க்கு 11. வரலாறு பிடிக்கும், அதில் யார் எதற்காக என்ன செய்தார் என்று ஒரு காரணம் இருக்கும். அறிவியல் பிடித்திருந்தது, இப்போது அங்கேயும் சூத்திரத்தைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். தமிழில் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் போகிறது, கணக்கில் மைனஸ் பிழைக்குப் போகிறது. என் துணைப்பாட ஆசிரியர் 3ஏ என்றால் மூன்று ஆப்பிள் என்று நினைத்துக்கொள் என்றார். அப்படியென்றால் ஏபி என்பது ஆப்பிளையும் பனானாவையும் பெருக்குவதா என்று கேட்டேன், அதிகம் யோசிக்காதே என்று சொல்லிவிட்டார். எனக்குக் கணக்கு வராதா? எக்ஸ் எனக்கு எப்போதாவது பயன்படுமா? நான் செய்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், திட்டாதீர்கள். – உயர்நிலை இரண்டு மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: திட்டமாட்டேன். பனானா கேள்வி கேட்ட பிள்ளையை யாராவது திட்டுவார்களா? உன் வகுப்பில் அந்தக் கேள்வி எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறாய்? நீ கேட்டதுதான் சரி. ஏ என்பது ஆப்பிள் இல்லை, ஓர் எண். ஆப்பிளின் விலையாக இருக்கலாம், எண்ணிக்கையாக இருக்கலாம், ஆனால் ஆப்பிளாக இருக்க முடியாது. இதில் குழம்பினால் பெரியவர்களும் தடுக்கி விழுவார்கள். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள், இதைச் சமன்பாடாக எழுது என்று சொல்லிப் பார், பாதிப் பேர் '30மா = ஆ' என்றுதான் எழுதுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். 60 மாணவர், 2 ஆசிரியர் என்று போட்டுப் பார், 30ஐயும் 60ஐயும் பெருக்கினால் 2 வருமா? 'மா = 30ஆ' என்பதே சரி. மா என்றதும் மனத்தில் ஒரு மாணவனின் முகம் வந்துவிடுகிறது, அங்கேதான் சறுக்கல். மாணவர்களின் எண்ணிக்கை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுது.

அடுத்து அந்தப் படம். நான்காவது கணக்கு, '2எக்ஸ் + 5 = 17'. நீ எழுதியிருப்பது '17 − 5 = 12 ÷ 2 = 6'. விடை 6, சரிதான். ஆனால் நீ எழுதியதை அப்படியே படித்தால் 17இல் 5 போனால் 6 என்று ஆகிறதே! உன் மனத்தில் சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அர்த்தம், கால்குலேட்டரில் தட்டுகிற பொத்தான் மாதிரி. ஆறு வருடத் தொடக்கநிலையில் அது உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று என்பதைத் தவிர அந்தக் குறிக்கு வேறு வேலை கிடையாது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் உலகத்தில் வேறு எது என்பது அவருடைய நியாயம். (பாவம், அடுத்த ஆண்டே சிறையில் இறந்துபோனார். அதற்கும் சமக்குறிக்கும் சம்பந்தமில்லை.) வரலாறு பிடிக்கும் என்றாயே, கணக்கிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காகச் செய்ததுதான் எல்லாம். பாடப்புத்தகத்தில் அந்தக் காரணத்தைப் போட இடமிருப்பதில்லை, அவ்வளவுதான்.

மாடல் போய்விட்டது என்று வருத்தப்படுகிறாய். எங்கேயும் போகவில்லை. 'அக்காவிடம் தங்கையைவிட 5 ஸ்டிக்கர் அதிகம், இருவரிடமும் சேர்த்து 17' என்ற கணக்குக்கு நீ என்ன வரைவாய்? தங்கைக்கு ஒரு பெட்டி, அக்காவுக்கு ஒரு பெட்டியும் 5 என்று ஒரு வாலும். மொத்தம் இரண்டு பெட்டியும் 5உம் சேர்ந்து 17. உன் நான்காவது கணக்கே இதுதான். பெட்டிக்குப் பெயர் வைத்தால் எக்ஸ். 1980களில் நம் கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழுவினர் இந்த மாடல் முறையைக் கொண்டுவந்ததே, பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கும் முன்பு படத்தைப் பார்க்கட்டும் என்றுதான். ஆனால் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. விடை −4 என்று வருகிற கணக்குக்கு −4 நீளத்தில் பெட்டி வரைய முடியுமா? எக்ஸை எக்ஸால் பெருக்கினால் எந்தப் பெட்டி? அந்த இடத்தில்தான் படத்தை வைத்துவிட்டு எழுத்தை எடுக்கிறோம்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம், மீதியை மறந்தாலும் பரவாயில்லை. சமன்பாட்டைத் தமிழில் வாய்விட்டுப் படி. வகுப்பில் எல்லாம் ஆங்கிலம்தான், தேர்வும் ஆங்கிலம்தான், தெரியும். இருந்தாலும் படித்துப் பார். ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தென் எ நம்பர்' என்று கேள்வி வரும். காதில் ஐந்து முதலில் விழுவதால் நம் பிள்ளைகள் '5 − எக்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். இதே மாதிரி எத்தனை தாள்களில் சிவப்பு மை போட்டிருக்கிறேன் என்று எண்ணி மாளாது. தமிழில் எப்படிச் சொல்வோம்? 'ஓர் எண்ணிலிருந்து ஐந்தைக் குறைத்தால்.' எண் முதலில், ஐந்து அடுத்து, செய்கிற வேலை கடைசியில். எழுத வேண்டிய வரிசையும் அதுதான். உன் நான்காவது கணக்கையும் சொல்லிப் பார். 'ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி, ஐந்தைக் கூட்டினால், பதினேழு.' நம் வாக்கியம், வேலை நடந்த வரிசையிலேயே போகிறது பார்த்தாயா? அவிழ்ப்பதற்குப் பின்னாலிருந்து வா. கடைசியாகக் கூட்டினது ஐந்து, அதை முதலில் எடு. அதற்கு முன் பெருக்கினது இரண்டு, அப்புறம் அதை வகு. காலையில் காலுறை போட்டு அதன்மேல் ஷூ போட்டாய் அல்லவா, சாயங்காலம் காலுறையை முதலில் கழற்ற முடியுமா?

இந்த 'அவிழ்ப்பது' எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஆசிரியர் வேலைக்கு வந்த முதல் வருடம், 'அந்தப் பக்கம் தாவினால் குறி மாறும்' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன். ஒரு பையன் '3எக்ஸ் = 12' என்பதற்கு எக்ஸ் 9 என்று எழுதி வந்தான். எப்படியடா என்றேன். 'மூன்று அந்தப் பக்கம் தாவியது, குறி மாறியது, 12இல் 3 போனால் 9, நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன்' என்றான். அவன் பேரில் தப்பே இல்லை. எண் எங்கேயும் தாவுவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம். மறுநாள் கரும்பலகையைத் துடைத்தேன், அந்தப் பையனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் அதை மற்ற வகுப்புகளுக்கெல்லாம் பரப்பிவிட்டான் என்பது வேறு கதை.

மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று தாளின் ஓரத்தில் சின்னதாக எழுதி, பிறகு அடித்திருக்கிறாய். அடித்திருக்க வேண்டாம். பேருந்துக்கு உன் ஈஸிலிங்க் அட்டையில் தினமும் 2 வெள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள், பணம் போடவும் இல்லை. ஒரு நாளைய மாற்றம் −2. மூன்று நாள் கழித்து இன்றைக்கு இருப்பதைவிட 6 வெள்ளி குறைவு. மூன்று நாளுக்கு முன்பு? அதாவது −3 நாள்? இன்றைக்கு இருப்பதைவிட 6 வெள்ளி அதிகம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். 628ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மைனஸைக் கடன் என்றும் பிளஸைச் சொத்து என்றும் சொல்லித்தான் இந்த விதிகளை எழுதினார்.

அறிவியலுக்கு வருகிறேன். தூரம், வேகம், நேரம் என்று முக்கோணம் வரைந்து விரலால் மூடிப் பார்க்கும் வித்தையை உனக்கும் யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள். மூன்று எழுத்து இருக்கும்வரை அது ஓடும். உயர்நிலை மூன்றில் இயற்பியல் எடுத்தால் கூட்டல் உள்ள சூத்திரம் வரும், அப்போது எந்த விரலால் எதை மூடுவது? இப்போதே முக்கோணத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்து பழகு.

பயன்படுமா என்று கேட்டாய். இத்தனை வருடத்தில் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது ஒரு தடவைகூட நான் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்ததில்லை. 'கணக்கு எங்கும் இருக்கிறது' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் 'எனக்கு இன்னும் தெரியாது, தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, தெரிந்ததையெல்லாம் அதைச் சுற்றி எழுதுகிறேன்' என்ற பழக்கம் வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு பச்சையாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை. உன் வரலாற்று வகுப்பில் ஒரு பழைய ஆவணத்தைக் கொடுத்து இதை எழுதியவரின் நோக்கம் என்ன என்று கேட்கிறார்களே, அது மட்டும்தான் கொஞ்சம் கிட்டே வருகிறது.

ஒற்றுப்பிழை விஷயத்தில் உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இந்தப் பதிலை அச்சுக்கு அனுப்பும் முன் ஆசிரியர் குழு எனக்கே நான்கு ஒற்று திருத்தினார்கள்.

கேள்வி: என் மகன் உயர்நிலை ஒன்றில் இருக்கிறான். மற்ற பாடங்கள் கடினமான ஜி3 நிலை, கணக்கு மட்டும் அதற்கு ஒரு படி கீழே ஜி2. சொந்தக்காரர்கள் 'ஓ, பழைய நார்மலா?' என்று கேட்கிறார்கள். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். இப்போதே இரண்டு துணைப்பாட வகுப்புக்கு அனுப்புகிறோம், மூன்றாவது சேர்க்கலாமா? – ஒரு தாய், செங்காங்

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டிலேயே ஒன்றைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பிரிவுகளே இல்லை. ஒரு பிள்ளை ஒரு பாடத்தை ஜி3இலும் இன்னொன்றை ஜி2இலும் எடுக்கலாம், நன்றாகச் செய்தால் நிலை மாறவும் செய்யலாம். 2027இலிருந்து உயர்நிலை முடிவில் ஓ லெவல், என் லெவல் என்று தனித்தனித் தேர்வும் இல்லை, எல்லாருக்கும் ஒரே சான்றிதழ், அதில் எந்தப் பாடம் எந்த நிலை என்று இருக்கும். இதையெல்லாம் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொல்லிவிடலாம், அதிக நேரம் ஆகாது.

மகனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்று வகுப்பில் மூன்று பேர் மூன்று விதமான குறுக்குவழி சொல்லிக்கொடுத்தால், ஒருவர் தாவு என்பார், ஒருவர் முக்கோணம் என்பார், ஒருவர் ஆப்பிள் என்பார் (மேலே படித்திருப்பீர்கள்), பிள்ளை எதை நம்புவான்? வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், அவன் செய்த ஒரே ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, தெரிந்தவர்கள் நடுவில் புகுந்து பேசிவிடுவார்கள். அவன் எந்த வரியில் 'அது அப்படித்தான்' என்கிறானோ அந்த வரியைக் குறித்துவைத்து, பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த வருடம் உயர்நிலை மூன்று. ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுக்காவிட்டால் பொறியாளர் ஆகவே முடியாது என்கிறான் நண்பன். எனக்கு ஏ மேத்ஸ் பயம், புவியியல் ஆசை. – மாணவன், ஈசூன்

பதில்: நண்பன் பாதி சொன்னான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பட்டயப் படிப்புக்கு ஈ மேத்ஸோ (அடிப்படைக் கணிதம்) ஏ மேத்ஸோ ஒன்று நன்றாக இருந்தால் போதும், அதன் வழியாகப் பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனையோ பேர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் எச்2 என்ற ஆழமான கணக்கு எடுக்கப் போகிறாய் என்றால் கதை வேறு, அங்கே ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடத்தையே தொடங்குவார்கள். பயம் எதனால் என்று பார். இரண்டு அடைப்புக்குறியைப் பெருக்கி விரிப்பதும், திரும்பக் காரணிகளாகப் பிரிப்பதும் கை தானாகச் செய்கிற வேலையாக இருந்தால் ஏ மேத்ஸ் உன்னைக் கடிக்காது. அதில் தடுமாற்றம் இருந்தால் டிசம்பர் விடுமுறையில் அதை மட்டும் சரிசெய்துவிட்டு முடிவெடு. புவியியலை எதற்காக விட வேண்டும்? உன் பள்ளி எந்தப் பாடத்தோடு எதை எடுக்க விடுகிறது என்று முதலில் கேட்டாயா?

கேள்வி: அம்மா, நான் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் கணக்கைத் தமிழிலேயே படித்தவன். பேத்தி உயர்நிலை ஒன்றில் இருக்கிறாள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் சண்டைதான் வருகிறது. சமன்பாடு என்றால் அவளுக்குப் புரியவில்லை, அவள் கோஎஃபிஷியண்ட் என்றால் எனக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொன்னால் பிள்ளையைக் குழப்புகிறேனா? அல்ஜீப்ரா என்ற சொல்லே எங்கிருந்து வந்தது? – ஒரு தாத்தா, அங் மோ கியோ

பதில்: ஐயா, கோஎஃபிஷியண்ட் என்றால் வேறு ஒன்றுமில்லை, எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண், நீங்கள் படித்த கெழுதான். எவ்வளவு சின்னச் சொல் பாருங்கள், இரண்டே எழுத்து. வேரியபிள் என்றால் மாறி, ஃபேக்டரைஸ் என்றால் காரணிப்படுத்துதல், குவாட்ராடிக் என்றால் இருபடி. ஒரு பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் நீங்கள் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள், பக்கத்திலேயே பேத்தி ஆங்கிலச் சொல்லை எழுதட்டும். இருபது சொல் தேறினால் சண்டை நின்றுவிடும்.

குழப்பமா? உட்லண்ட்ஸ் மாணவிக்கு நான் எழுதியதைப் படியுங்கள். 'பெருக்கி, கூட்டினால்' என்று நீங்கள் இயல்பாகச் சொல்கிற வரிசைதான் அந்தப் பிள்ளைக்கும் தேவைப்படுகிறது. உங்கள் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு, தமிழில் கணக்கைச் சொல்லிப் பழகிய வாய்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டேதான் வருகின்றன. நான்கூட ஆங்கிலத்தில் படித்தவள்தான், இந்தச் சொற்களையெல்லாம் உங்கள் பள்ளியில் படித்த ஒரு சக ஆசிரியரிடம் இடைவேளையில் கோப்பி குடித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

அல்ஜீப்ரா அரபுச் சொல். 820ஆம் ஆண்டையொட்டி பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் தலைப்பில் இருக்கும் 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது. குறைந்து கிடப்பதை இட்டு நிரப்பிச் சரிசெய்வது என்று பொருள். விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல்தான், ஸ்பெயினில் ஒரு காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்று அழைத்தார்கள். உங்களுக்குப் பிடிக்கும் செய்தி இன்னொன்று. அந்த நூலில் எக்ஸும் கிடையாது, சமக்குறியும் கிடையாது. எல்லாம் வாக்கியம்தான், நீங்கள் பேத்திக்குச் சொல்வது போலவே. எக்ஸ், ஒய் என்று எழுதும் வழக்கம் 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் எழுதிய வடிவியல் நூலிலிருந்துதான் பரவியது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் பக்கத்துச் சமஸ்கிருதக் கணித நூல்களில், அறியாத எண்கள் பல இருந்தால் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களால் பெயர் வைத்தார்கள். பேத்திக்கு வண்ணப் பென்சில் பிடிக்குமென்றால் எக்ஸையும் ஒய்யையும் இரண்டு நிறத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழிலும் ஒரு பழைய சூத்திரம் உண்டு, கணக்கதிகாரம் என்ற கணக்கு நூலில் வருவது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. 50 முள் என்றால் 60 சுளை. முள் எத்தனை என்று தெரியாதபோதே சொல்லிவைத்த கணக்கு, இதற்கு மேல் அல்ஜீப்ரா என்ன வேண்டும்? பலா மரத்துக்கு இந்தப் பாட்டு தெரியுமா என்பது மட்டும் கேள்வி. போன சனிக்கிழமை தேக்காவில் ஒரு முழுப் பழத்தின் முன் குனிந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பத்தேழு வரை வந்திருப்பேன். 'அக்கா, வாங்கப் போறீங்களா, சும்மா பாக்குறீங்களா?' என்றார் கடைக்காரத் தம்பி. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஒரு பெட்டி அறுத்த சுளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களும் பேத்தியும் போனால் ஒருவர் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், இன்னொருவர் எண்ணுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.